பழைய காரை எங்கே விற்பது?
(விற்பனைப் பாடம்)

விளைந்த பொருளை எங்கே விற்பது என்பது, அதை விளைவிப்பதைக் காட்டிலும் கடினமான கேள்வி. நம் அங்கத்தினர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். களத்துமேட்டில் வந்து நிற்கும் தரகரிடம் நெல்லை அளந்துவிடுவதா, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வண்டியேற்றிச் செல்வதா என்று குடியானவர் யோசிக்கிறார். தறியிலிருந்து அறுத்த சேலையைச் சங்கத்தில் சேர்ப்பதா, அவசரத்துக்குக் கைப்பணம் நீட்டும் வியாபாரியிடம் கொடுப்பதா என்று நெசவாளர் யோசிக்கிறார். இருவரும் விலையை மட்டும் பார்ப்பதில்லை. எடை சரியாக இருக்குமா, பணம் எந்த நாளில் வரும், பின்னால் வில்லங்கம் ஏதேனும் எழுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

ஆனால் இதே அங்கத்தினர், வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரை விற்க நேர்ந்தால் அந்த விவேகத்தை மறந்துவிடுகிறார். வண்டி பழுதாகி நிற்கிறது; அது கண்ணை விட்டு ஒழிந்தால் போதும் என்று நினைக்கிறார். முதலில் வந்தவர் சொன்ன விலைக்குச் சம்மதித்து, அவர் நீட்டிய வெற்றுத்தாள்களில் கையெழுத்திட்டுச் சாவியையும் கொடுத்துவிடுகிறார். சில ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும்போதுதான், கார் போயிற்று, பொறுப்பு போகவில்லை என்று அறிகிறார்.

இந்தப் பாடத்தின் கருத்து ஒன்றே. பழைய காரை விற்கும்போது கைக்கு வரும் பணம் ஒரு தட்டு. கையை விட்டுப் போக வேண்டிய பொறுப்பு மற்றொரு தட்டு. இரண்டையும் சேர்த்து நிறுத்தே விற்கும் இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம்

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரை மனத்தில் கொள்வோம். அவருடைய மகன் சென்னையில் மந்தைவெளியில் குடியிருந்து வேலை பார்த்தவர். இப்போது மாற்றலாகி ஐதராபாத்துக்குப் போய்விட்டார். மகன் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் 12 ஆண்டுப் பழையது. அது மயிலாப்பூரில் உறவினர் வீட்டுச் சந்தில் நிற்கிறது. 'அப்பா, நீங்களே விற்று, அந்தப் பணத்தைத் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று மகன் சொல்லிவிட்டார்.

நெசவாளர், மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து வண்டியைக் காட்டுகிறார். கிளட்ச் தேய்ந்துவிட்டது, பேட்டரி செத்துவிட்டது, ஷாக் அப்சார்பர்களும் அவற்றைச் சார்ந்த உறுப்புகளும் தளர்ந்துவிட்டன, நான்கு டயர்களும் மாற்ற வேண்டியவை, கதவுகளின் அடியில் துரு ஏறியிருக்கிறது. இவற்றுக்கு முறையே 9,000, 5,000, 14,000, 16,000, 20,000 என்று மொத்தம் 64,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். இத்தொகைகளும் கீழே வரும் விலைகளும் கணக்குப் போட்டுப் பழகுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவற்றைச் சந்தை நிலவரமாகக் கொள்ளலாகாது.

பழுதுபார்த்து விற்பதா, இருந்தபடியே விற்பதா? யாரிடம் விற்பது? நம் நெசவாளருக்கு முன் நிற்கும் கேள்விகள் இவை.

இந்தச் சந்தையின் இயல்பு

பழைய கார் சந்தையைப் பற்றி ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஒருவர் உண்டு. அமெரிக்கரான ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஆராய்ந்தார். பரிசு 2001இல் கிடைத்தது. அவர் காட்டிய உண்மை எளியது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர், நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் இடைப்பட்ட ஒரு விலையையே கொடுக்கத் துணிகிறார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுபடியாவதில்லை. அவர் சந்தையை விட்டு விலகுகிறார். கெட்ட வண்டிகள் மிகுகின்றன. விலை இன்னும் இறங்குகிறது.

நெசவாளர்களுக்கு இது புதிய செய்தியன்று. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கும் கடைத்தெருவில், உண்மையான கைத்தறிச் சேலையின் விலையும் சேர்ந்து இறங்குகிறது. வாங்குபவரின் ஐயமே அதற்குக் காரணம். அந்த ஐயத்தைப் போக்கவே 2006இல் கைத்தறி முத்திரை ஏற்படுத்தப்பட்டது. பழைய காருக்கு அத்தகைய முத்திரை இல்லை. பட்டறை ரசீதுகளும், சர்வீஸ் புத்தகமும், காப்பீட்டுப் பத்திரங்களும், விற்பவரின் ஒளிவுமறைவற்ற பேச்சுமே அதற்கு முத்திரை. இவற்றை ஓர் உறையில் சேர்த்து வைப்பது செலவில்லாத முதல் 'ரிப்பேர்' ஆகும்.

சென்னையில் இந்த ஐயத்துக்குத் தனிக் காரணங்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளில் கார்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அவ்வாறே நேர்ந்தது. மூழ்கிய காரின் எஞ்சினை அறியாமல் இயக்கினால் சிலிண்டருக்குள் புகுந்த நீர் பிஸ்டனைத் தடுக்கிறது. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. ஆகவே கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே கெடுகிறது. கம்பிகளிலும் மின்னணுப் பெட்டியிலும் ஏறிய ஈரம் பல மாதம் கழித்துக்கூடத் தொல்லை தரும். விவரமறிந்தவர்கள் கம்பளத்தைத் தூக்கி வண்டல் படிந்திருக்கிறதா என்றும், இருக்கைகளின் அடிப் போல்ட்டுகள் துருவேறியுள்ளனவா என்றும் பார்ப்பது இதனால்தான். சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் நின்ற வண்டியாயின் உப்புக்காற்றுத் துருவையும் தேடுவார்கள்.

நம் வண்டி வெள்ளத்தில் நின்றதாயின் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதே முறை. தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்து விற்பதை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் மோசடியாகவே கருதுகிறது. சட்டத்தை விடுங்கள், வெள்ளம் பாய்ந்த வண்டியை நம்பி வாங்கிச் செல்பவரும் நம்மைப் போல உழைத்துச் சேர்த்தவரே. நம் தராசு நமக்கு ஒன்று, பிறர்க்கு ஒன்று என்று இருக்கலாகாது.

எதைப் பழுதுபார்ப்பது?

எல்லாக் குறைகளையும் சரிசெய்து விற்றால் நல்ல விலை வரும் என்று பலர் எண்ணுகின்றனர். விலை கூடும் என்பது உண்மை. செலவை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுமா என்பதே கேள்வி.

நம் உதாரணத்தில், இருந்தபடியே விற்றால் வியாபாரி ஒருவர் 1,10,000 ரூபாய் தருகிறார். 64,000 ரூபாய் செலவழித்து முழுவதும் சீர்செய்து, தனியார் ஒருவரிடம் நேரே விற்றால் 1,65,000 கிடைக்கலாம். செலவைக் கழித்தால் மிச்சம் 1,01,000. உழைப்பும் அலைச்சலும் போக, 9,000 ரூபாய் நஷ்டம்.

மூன்றாவது வழியொன்று உண்டு. கிளட்சையும் பேட்டரியையும் மட்டும் 14,000 ரூபாயில் மாற்றுகிறார். மற்றக் குறைகளை ஒரு தாளில் எழுதி, மெக்கானிக்கின் மதிப்பீட்டையும் உடன் வைத்து விற்கிறார். 1,35,000 கிடைத்தால், மிச்சம் 1,21,000.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. வண்டியைக் கிளப்பி, ஓட்டிப் பார்த்து, பாதுகாப்பாக நிறுத்துவதற்குத் தடையாக உள்ள சிறு பழுதுகளைச் சரிசெய்ய வேண்டும். கிளம்பாத வண்டியை வாங்குபவர், எஞ்சினே போய்விட்டதாக எண்ணித்தான் விலை சொல்வார். 5,000 ரூபாய் பேட்டரி இல்லாமையால் 20,000 ரூபாய் விலை இறங்கக்கூடும். ஆனால் பெயிண்ட், புது டயர், இருக்கை உறை போன்றவற்றில் போடும் பணம் பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. அதிலும், துருவை மறைக்கப் பூசிய புதுப் பெயிண்ட் வாங்குபவரின் ஐயத்தை வளர்க்கும்.

எஞ்சினோ கியர் பெட்டியோ முற்றிலும் கெட்டிருந்தால் கணக்கு மாறும். அப்போது பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே இருந்தபடி விலை கேட்டுப் பார்ப்பது நலம். பட்டறையில் பாதி பிரித்துப் போட்ட வண்டிக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை.

விற்கும் இடங்கள்

ஒன்று, தெரிந்தவரிடம் நேரே விற்பது. விலை பெரும்பாலும் இங்கேதான் அதிகம். நடுவில் லாபம் எடுப்பவர் இல்லை. அக்கம்பக்கத்தார், அலுவலகத் தோழர், வண்டியைப் பல ஆண்டு பார்த்து வந்த மெக்கானிக்கின் வாடிக்கைக்காரர் ஆகியோர் நல்ல வாங்குநர்கள். அவர்களுக்கு ஐயம் குறைவு. மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் போன்ற வட்டார ஏடுகள் இத்தகைய அண்டைவீட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கான சிறு விளம்பரங்களால் வளர்ந்தவையே. இன்று கைபேசி வழியாகவும் விளம்பரம் செய்கிறார்கள். நேரமும் பொறுமையும் வேண்டும். முன்பின் அறியாதவர் ஓட்டிப் பார்க்க வரும்போது உடன் செல்ல ஓர் ஆளும் வேண்டும்.

இரண்டு, பழைய கார் வியாபாரி. சென்னையின் பெரிய சாலைகளில் இவர்களுடைய கடைகள் பல உண்டு. இவர்கள் லாபத்துக்கு வாங்குபவர்கள். ஆகவே விலை சற்றுக் குறைவு. ஆனால் பழுதுகளைக் கண்டு அஞ்சுவதில்லை. அவர்களுக்குப் பட்டறை ஆட்கள் இருப்பதால் நமக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே சீர்செய்வர். வியாபாரி அங்கீகாரம் பெற்றவரா என்பதே இங்கு முதற்கேள்வி. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

மூன்று, இணையவழி வாங்கும் கம்பெனிகள். கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை இவ்வகையின. பரிசோதகர் வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்து அறிக்கை தயாரிப்பார். அதைக் கொண்டு விலை தீர்மானமாகும். வேலை விரைவில் முடியும். விளம்பரத்தில் காணும் விலையையோ முதல் மதிப்பீட்டையோ விலையாக எண்ணிவிடக் கூடாது. பரிசோதனைக்குப் பின் சொல்லப்படும் தொகை, சேவைக் கட்டணம், கடைசி நேரப் பிடித்தம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு, அவை போகக் கைக்கு வருவதையே ஒப்பிட வேண்டும்.

நான்கு, புதுக் கார் வாங்குமிடத்தில் மாற்றிக்கொள்வது. மாருதியின் ட்ரூ வேல்யூ 2001 முதல் இம்முறையில் நடந்துவருகிறது. பிற கம்பெனிகளுக்கும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. புது வண்டி வாங்கப் போகிறவருக்கு இது வசதி. ஆனால் 'மாற்றுச் சலுகை' என்ற பெயரில் பழையதற்குக் கூட்டிக் காட்டிய தொகை, புதியதன் தள்ளுபடியில் குறைந்திருக்கலாம். ஆதலால், 'பழைய காரைக் கொடுக்காமல் வாங்கினால் புதிய காரின் விலை என்ன?' என்று முதலில் கேட்டு எழுதி வாங்க வேண்டும். புது வண்டி வாங்காத நம் நெசவாளருக்கு இவ்வழி பயன்படாது.

ஐந்து, புதுப்பேட்டை. எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்துக்கு வந்துபோகும் நெசவாளர்களுக்கு இந்த இடம் தொலைவில் இல்லை. கூவம் கரையில், ஆதித்தனார் சாலையையும் அதன் குறுக்குத் தெருக்களையும் ஒட்டிப் பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் சந்தை அது. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது உதிரி பாகம் கிடைக்காத பழைய மாடலுக்கு, புதுப்பேட்டையில் கிடைக்கும் என்பது மெக்கானிக்குகளின் நம்பிக்கை. இனி ஓட்டுவதற்கில்லை என்ற வண்டிக்கு அங்கே உறுப்புகளின் மதிப்பில் விலை கிடைக்கும்.

அங்கே விற்பவர் ஒன்றை மறக்கலாகாது. கார் துண்டு துண்டாகிவிட்டாலும் பதிவேட்டில் அது உயிரோடு இருக்கும். அதன் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் நம்பர் பலகையும் தீயவர் கையில் சேர்ந்தால், வேறொரு வண்டிக்கு முகமூடியாகக்கூடும். வண்டி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. இதைச் செய்யாமல் உடைப்புக்குக் கொடுப்பது, இறப்பைப் பதியாமல் சொத்தைக் கைவிடுவது போன்றது.

ஆறு, பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையம். 2021 செப்டம்பரில் வெளியான மத்திய விதிகளின்படி அமைபவை இவை. எங்கெங்கே உள்ளன என்பதை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் காணலாம். இவர்கள் வண்டியைப் பெற்றுக்கொண்டு 'வைப்புச் சான்று' கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் புது வண்டியின் பதிவுக் கட்டணத்தில் விலக்கும், மாநில அரசு அனுமதிக்கும் அளவுக்கு வாகன வரியில் சலுகையும் பெற இடமுண்டு. சொந்த வண்டிக்கு அச்சலுகையின் உச்ச அளவு 25 விழுக்காடு என்று மத்திய விதி வகுத்துள்ளது. கைக்கு வரும் பணம் புதுப்பேட்டையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் பதிவு முறையாக நீங்கும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கார் அப்படியன்று. ஓடுகிற காருக்கு ஒரு விலை, ஓடாத காருக்கு அதில் ஒரு பங்கு. ஆகவே ஓடக்கூடிய வண்டியை உடைப்புக்குக் கொடுக்குமுன் முதல் மூன்று இடங்களிலும் விலை கேட்டே தீர வேண்டும்.

50 ஆண்டு கடந்த கார், மாற்றங்கள் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்குமாயின் அது வேறு சாதி. 2021 ஜூலையில் அத்தகைய பழம்பெருமை வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறை வகுக்கப்பட்டது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டி எவர் வீட்டிலேனும் பழுதாகிக் கிடந்தால், அதை இரும்பு எடைக்குப் போடாமல், பழங்கார் ஆர்வலர்களிடம் காட்டுவதே விவேகம்.

பதினைந்து ஆண்டு பற்றிய அச்சம்

'பதினைந்து ஆண்டு ஆகிவிட்டால் கார் செத்துப்போயிற்று. கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சிலர் பயமுறுத்துவதுண்டு. இது சரியன்று. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்பு வண்டியைக் காட்டித் தகுதி பெற்று 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். தில்லி வட்டாரத்துக்கென எழுந்த வயதுக் கட்டுப்பாடுகளும், 2023 ஏப்ரல் முதல் அரசு வண்டிகளுக்கு வந்த 15 ஆண்டு வரம்பும் சென்னையில் உள்ள தனியார் காருக்குப் பொருந்துவன அல்ல.

ஆயினும் புதுப்பிக்கும் செலவு ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. எனவே 14ஆவது ஆண்டில் நிற்கும் பழுதான காரை விற்க எண்ணுவோர், கெடு நெருங்கும்வரை காத்திராமல் விற்பது லாபம். கெடு கடந்த வண்டியின் பேரத்தில் வாங்குபவர் கையே ஓங்கும்.

பெயர் மாற்றமே உயிர்நிலை

இனி மற்றொரு தட்டுக்கு வருவோம்.

2007இல் ஒருவர் தம் சிறிய காரை விற்றார். வாங்கியவர் 2008இல் இன்னொருவருக்கு விற்றார். அவர் பின்னர் வேறொருவருக்கு விற்றார். பதிவேட்டில் மட்டும் பெயர் மாறவேயில்லை. 2009 மே மாதத்தில் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. இழப்பீடு தரவேண்டியவர் யார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பொறுப்பு அவருடையதே என்று 2018 பிப்ரவரி 6ஆம் நாள் தீர்ப்பாயிற்று. அடிபட்டவர், கைமாறிக் கைமாறிப் போன வண்டியின் தற்போதைய சொந்தக்காரரைத் தேடித் திரியுமாறு விடக்கூடாது என்பதே இதன் நியாயம். அந்த நியாயத்தை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விற்றவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்குமுன் விற்ற காருக்காக அவர் வழக்கில் நிற்க நேர்ந்தது.

இதைத் தவிர்க்கும் வழிகள் இவை:

1. படிவம் 29 என்பது, வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று விற்பவர் தரும் அறிவிப்பு. இதை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். படிவம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். வாங்குபவர் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். வண்டி வேறு மாநிலத்துக்குச் செல்வதாயின் தடையில்லாச் சான்று வேண்டும். மந்தைவெளி அலுவலகத்தில் பதிந்த வண்டியின் எண் டி.என். 06 என்றும், திருவான்மியூரில் பதிந்தது டி.என். 07 என்றும் தொடங்கும்.

2. பெயரும் தேதியும் இல்லாத வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடலாகாது. தரகர் அத்தாளைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும்வரை நம் பெயரிலேயே வண்டியை ஓட விடுவார்.

3. அங்கீகாரம் பெற்ற வியாபாரிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி நடைமுறையில் உள்ளது. வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை படிவம் 29-சி மூலம் அரசுத் தளத்தில் தெரிவித்தால், அவர் வேறொருவருக்கு விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த வண்டியால் விளையும் பொறுப்பும் அவருடையதாகும். வியாபாரிகள் யாவரும் இந்த அங்கீகாரம் பெற்றவர்கள் என்று கொள்ளலாகாது. சான்றைக் காட்டுமாறு கேட்பது நம் உரிமை.

4. வண்டியை ஒப்படைத்த நாள், மணி, ஓடிய கிலோமீட்டர், விலை, 'குறைகள் தெரிவிக்கப்பட்டன' என்ற வாசகம், வாங்குபவரின் அடையாளச் சான்று ஆகியவற்றோடு ரசீது எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பணத்தை வங்கி வழியே பெறுவது நலம். ஒரே விற்பனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் இடந்தராது.

5. கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததும் வங்கியின் சான்றுடன் படிவம் 35 கொடுத்து அடமானக் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். போக்குவரத்து அபராதங்கள் நிலுவையில் இருந்தால் முன்னதாகவே செலுத்திவிட வேண்டும். ஃபாஸ்டேக் கணக்கை முடித்துக் கண்ணாடியிலிருந்து பட்டையை நீக்கிவிட வேண்டும்.

6. காப்பீட்டில் 'கோரிக்கையின்மைச் சலுகை' வண்டிக்குரியதன்று; உரிமையாளருக்குரியது. அது 20 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும். காப்பீட்டுக் கம்பெனியிடம் சான்று பெற்று வைத்தால், 3 ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும். பழைய காரோடு இதையும் தானம் செய்துவிடுவோர் பலர்.

நெசவாளர் என்ன முடிவு செய்யலாம்?

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். நேரே விற்றால் மிச்சம் 1,21,000. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் இருந்தபடியே விற்றால் 1,10,000. வேற்றுமை 11,000 ரூபாய். இந்த 11,000 ரூபாய்க்காக அவர் பட்டறைக்கு அலைய வேண்டும். ஓட்டிப் பார்க்க வருபவர்களுக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து பலமுறை பஸ் ஏற வேண்டும். அந்த நாட்களில் தறி நிற்கும். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஆர்.சி. மகன் பெயரில் இருக்கிறது, படிவங்களில் கையெழுத்திட வேண்டியவர் மகனே, அவரோ ஐதராபாத்தில். வாங்குபவர் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால், விரட்டிச் செய்விக்க ஊரில் ஆள் இல்லை.

மகன் மந்தைவெளியிலேயே இருந்திருந்தால் சிறு பழுதுகளைச் சீர்செய்து நேரே விற்பதே சரி. இந்நிலையில் 29-சி பதிந்து கொடுக்கும் வியாபாரியிடம் விற்பதே மேல். 11,000 ரூபாய் இழந்ததாக அவர் எண்ண வேண்டியதில்லை. மகனின் பெயரை வில்லங்கத்திலிருந்து மீட்ட செலவு அது. அதுவே அங்கீகாரமில்லாத தரகர், வெற்றுப் படிவம் கேட்டு 1,20,000 கொடுக்க முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தயங்கலாகாது.

சாவியைக் கொடுத்த அன்று விற்பனை முடிந்ததாக எண்ண வேண்டாம். சில வாரம் கழித்து அரசுத் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்து, உரிமையாளர் பெயர் மாறியிருப்பதைக் கண்ட அன்றே அது முடிந்தது.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. பழைய கார் சந்தையில் வாங்குபவரின் ஐயம் எவ்வாறு விலையை இறக்குகிறது? கைத்தறிச் சந்தையோடு ஒப்பிடுக.

2. 64,000 ரூபாய் பழுதுள்ள காரில் எவற்றை மட்டும் சீர்செய்வது தக்கது? காரணம் கூறுக.

3. உங்கள் ஊரில் பழைய டிராக்டரோ இருசக்கர வண்டியோ விற்றவர்களில் எத்தனை பேர் பெயர் மாற்றத்தைச் சரிபார்த்தார்கள்? அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்து வந்து சொல்லுக. மாறாதிருப்பின், அன்றே அதற்கு ஆவன செய்க.